நாற்பத்தெட்டாம் நாள் நட்ட வயல்

போன கோடையில் என் மருமகள் ஒரு கொத்து திராட்சை வாங்கி வந்தாள். "மாமா, கொட்டையே கிடையாது, அப்படியே முழுங்கலாம்" என்றாள். யமகாத்தாப் பக்கத்துத் தோட்டங்களில் பூக்கிற சமயத்தில் கொத்தை ஒரு மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களாம். அதனால் கொட்டை இல்லாமலே பழம் பருக்கிறதாம். அந்த மருந்து வெள்ளைப் பொடியாகிக் கடைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே, வீச்சமடிக்கும் பழுப்புத் தண்ணீராக அது இருந்த நாளிலேயே, வாளி வாளியாகச் சுமந்து சாக்கடையில் ஊற்றியவன் நான். ஒரு பழத்தை வாயில் போட்டேன். நல்ல இனிப்பு. இரண்டாவதை எடுக்கவில்லை. மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் மசுனோ அக்காவைப் பற்றி எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? வாயால் சொல்ல வராததால் எழுதி வைக்கிறேன்.

மசுனோ அக்கா நுமாசாவா கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பத்தொன்பது வயதில் வந்தாள், முப்பத்தொன்றில் புருஷனை மரம் வெட்டும் மலையில் பறிகொடுத்தாள். மிச்சம் இருந்தது ஒரே மகன் தொகுஜியும், குத்தகைக்குப் பிடித்த ஒரு சின்ன வயலும். வயல் என்றால் பெருமையாக ஒன்றுமில்லை, வாய்க்காலின் கடைக்கோடி. மேலே இருக்கிற அத்தனை வயலும் குடித்து மிச்சம் விட்ட தண்ணீர்தான் அதற்கு வரும். அந்த வயலை வைத்துத்தான் அவள் மகனை ஆளாக்கினாள். அவனைப் பட்டாளத்தில் எடுத்து மஞ்சூரியாவுக்கு அனுப்பியபோது, அவன் திரும்பி வரும்வரை வயல் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவளுக்கு வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

வயல் சோறு போதாமல் எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் புட்டி கழுவ வந்தாள். நான் அங்கே ஆவிப்பெட்டிக்காரன். கரி போட்டு நெருப்பு மூட்டி, இரும்புப் பெட்டிக்குள் புட்டிகளை அடுக்கி, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைப்பது என் வேலை. வெந்த புட்டி அவள் தொட்டிக்குப் போகும். கழுவின புட்டி, ஆராய்ச்சி செய்கிற ஹிராகுரி ஐயாவின் மேஜைக்குப் போகும். ஹிராகுரி ஐயா அந்தப் புட்டிகளில் என்ன வளர்த்தார் என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். அசட்டு நாற்று நோயை வளர்த்தார்.

நாற்றங்காலில் மற்றதெல்லாம் நாலு விரல் உயரம் இருக்கும்போது ஒன்று மட்டும் எட்டு விரலுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். வெளிறிப்போய், மெலிந்து, காற்றடித்தால் துவளும். முந்திக்கொண்டு வளரும், நட்ட பிறகு முந்திக்கொண்டு சாகும். பிழைத்தாலும் கதிரில் மணி இருக்காது. அடித்தண்டில் வெளிர்சிவப்பு மாவு பூத்திருக்கும். அதைத்தான் நாங்கள் அசட்டு நாற்று என்போம். நெடுநெடுவென்று வளர்ந்து சதை போடாத பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் வைப்போம். எனக்கும் வைத்திருந்தார்கள். மசுனோ அக்கா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"டேய் அசட்டு நாத்து, இந்தப் புட்டியில அடி ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. சரியா வேக வெச்சியா, இல்ல வெயில்ல காட்டிட்டுக் கொண்டாந்தியா?"

"மூஞ்சிக்குக் கிட்ட கொண்டு போகாதீங்கக்கா. அது நோய்."

"நெல்லுக்குத்தான நோய்? நான் என்ன நெல்லா?"

ஒருநாள் ஹிராகுரி ஐயா எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். படித்தவருக்கும் தன் வித்தையைக் காட்ட ஆள் வேண்டுமே. இரண்டு தொட்டி நாற்று இருந்தது. ஒன்று சாதாரணம். மற்றது முழங்கை உயரம்.

"நோய்ப் பூசணத்த வடிகட்டியாச்சு. மிச்சத் தண்ணிய ஆவியில வேகவும் வெச்சாச்சு. உயிரோட ஒண்ணுமே கிடையாது. அந்தத் தண்ணிய ஊத்தினதுக்கே இப்படி வளருது பாருங்க" என்றார். "வளத்தி விடுறது பூசணம் இல்ல. அது விடுற வேர்வை."

"செத்ததோட வேர்வை வேலை செய்யுதா?" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரர் சட்டையும் ரெண்டு வருஷம் அப்படித்தான் மணத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

ஐயாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் மட்டும் அந்த உயரமான நாற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது நடந்து ஆறு மாதத்தில் 1934-ஆம் வருடத்து வசந்தம் வந்தது. வசந்தம் என்று பெயர்தான். மே பிறந்தும் மலை நிழலில் பனி கிடந்தது. அக்கா வீட்டு நாற்றங்கால் மலையை ஒட்டி இருந்தது. ஊரில் எல்லார் நாற்றும் எப்படியோ தலைதூக்கி விட்டது, அவளுடையது மட்டும் தரையோடு தரையாக இருந்தது. நுமாசாவாவில் நடவு ஒற்றை ஆள் வேலை இல்லை. பதினாலு வீடும் சேர்ந்து ஒவ்வொரு வயலாக நட்டுக்கொண்டு போவார்கள். யார் வயல் எந்த நாள் என்பது விதைக்கும்போதே முடிவாகிவிடும். அதிலும் விதைத்த நாற்பத்தொன்பதாம் நாளில் நாற்றைத் தொட மாட்டார்கள். இறந்தவர் ஆவி செத்த நாற்பத்தொன்பதாம் நாளில்தான் வீட்டை விட்டுப் போகும். அன்று நட்ட நெல்லைப் பிணத்துக்குத்தான் படைக்க வேண்டிவரும் என்பார்கள். ஆகவே நாற்பத்தெட்டுக்குள் நட வேண்டும். தவறினால் கூட்டம் அடுத்த வயலுக்குப் போய்விடும், பிறகு அந்த வருடம் உனக்கு ஆள் கிடையாது.

நாற்பத்தொன்றாம் நாள் காரியஸ்தர் ஓனுமா வந்தார். நிலச்சுவான்தாரின் கண்ணும் காதும் அவர்தான். நாற்றங்காலில் குனிந்து கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்தார். நாற்று ஒரு சாண் இருந்தால் நடலாம். அரைச் சாண் கூட இல்லை.

"மசுனோம்மா, இது நாத்தா பாசியா?"

"ஒரு வாரம் இருக்கே ஐயா. வந்துடும்."

"வரலேன்னா இப்பவே சொல்லிடு. இவாமட்சு கேட்டுக்கிட்டே இருக்கான். ஆம்பள இருக்கிற வீடு அது."

"என் வீட்லயும் ஆம்பள இருக்கான். மஞ்சூரியாவுல இருக்கான்."

"மஞ்சூரியாவுல நின்னுக்கிட்டு இங்க சேத்துல கால் வைக்க முடியுமா? நாப்பத்தெட்டு அன்னிக்கு நட்டா வயல் உன் மகனுக்கு. நடலேன்னா இவாமட்சுக்கு. நான் கெட்டவன் இல்லம்மா, வயல் சும்மா கெடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மறுநாள் காலை அக்கா பண்ணைக்கு வந்ததும் என்னைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். கையில் காலி சாராயப் புட்டி, பெரியது. அவள் கேட்கும்போதே என்ன கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, அந்த வேர்வைத் தண்ணி ஒரு புட்டி வேணும். வெந்தது. வேகாதது வேணாம். நோய் என் நாத்தங்காலுக்கு வரக்கூடாது. வளந்தாப் போதும்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் கழுத்தப் புடிச்சுத் தள்ளுவாரு."

"எப்படியும் நீ சாக்கடையிலதான ஊத்தப் போற? சாக்கடைக்குப் பதிலா என் புட்டியில ஊத்து."

நியாயமான பேச்சு. கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. சங்கடம் வேறு. முந்தின நாள் என் அண்ணன் மகனைப் பட்டாளத்துக்கு வழியனுப்பினோம். குடித்தது அதிகம். ஹிராகுரி ஐயாவும் மொரியோக்கா நகரத்துக்குப் போயிருந்தார். அன்று காலை நான் நெருப்பே மூட்டவில்லை. ஆவிப்பெட்டி பனிக்கட்டியாகக் கிடந்தது. வேக வேண்டிய குடுவைகள் அப்படியே அலமாரியில் நின்றன. நெருப்பு மூட்டி வேகவைக்க இரண்டு மணி நேரம் ஆகும். தலை பிளந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் இரு அக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சோம்பேறி என்று அவள் நினைத்துவிடுவாள் என்று ஒரு வறட்டு ரோஷம். உள்ளே போய், வேகாத குடுவைகளில் மிதந்த பூசணத்தைத் துணியில் வடிகட்டி, தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தேன். வடிகட்டினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இந்தாங்க. இப்பத்தான் பெட்டியிலேருந்து எடுத்தேன்."

அவள் புட்டியை வாங்கிப் பஞ்சுவைத்த மேலாடைக்குள், நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "நல்லா இருடா அசட்டு நாத்து" என்றாள். தொட்டிக்குப் போய் நாள் முழுக்க புட்டி கழுவினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாளித் தண்ணீரில் கலந்து நாற்றங்கால் முழுக்க அகப்பையால் தெளித்தாளாம்.

நாலாம் நாள் நாற்று எழுந்தது. ஐந்தாம் நாள் இன்னும் எழுந்தது. நாற்பத்தெட்டாம் நாள் ஓனுமா வந்து கையை விரித்தார். விரல் முடிந்த பிறகும் நாற்று மேலே இருந்தது.

"அடேயப்பா" என்றார். "மலைச்சாமி உன் வீட்டுப் பக்கம் திரும்பிட்டாரு போல."

நடவுக்கு வந்த கூட்டத்தில் இவாமட்சுவின் பெண்டாட்டி ஃபுசா இருந்தாள். வயல் கைக்கு வரவில்லை என்கிற எரிச்சல் அவளுக்கு இருக்காதா? நாற்றுக் கட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வெளுத்துப் போய் இருக்கு. மாமியார் வீட்டுக்கு வந்த மொத வாரத்துப் பொண்ணு மாதிரி."

"உன்னை மாதிரி கறுத்து ஒடுங்காம வந்துச்சேன்னு சந்தோஷப்படு" என்றாள் மசுனோ அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அசட்டு நாற்றை எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது கூட்டத்தில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். நாற்றங்கால் முழுக்க ஒரே உயரத்தில் நின்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? அதை நாற்று என்றார்கள், நட்டார்கள். வயல் தொகுஜியுடையதாகவே நின்றது.

பிறகு வந்த கோடை எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாரும் மறக்காத கோடை. ஜூலை முழுக்கக் கடலிலிருந்து கிழக்குக் காற்று அடித்தது. வேலை செய்கிறவர்கள் பஞ்சு மேலாடையைக் கழற்றவே இல்லை. கதிர் வந்தது, மணி பிடிக்கவில்லை. செப்டம்பர் கடைசியிலும் கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. நிமிர்ந்து நிற்கிற கதிர் என்றால் உள்ளே மணி இல்லை என்று அர்த்தம். மேல் வயல்களுக்குத்தான் மோசம். மலையிலிருந்து வருகிற குளிர்ந்த தண்ணீர் முதலில் அங்கே பாய்கிறது. வயல் வயலாக ஓடிச் சற்றே வெதுவெதுப்பாகிக் கடைக்கோடிக்கு வந்த தண்ணீரில், எல்லாரும் ஏளனம் செய்த அந்த வயலில், மூன்றில் ஒரு பங்குக் கதிர் தலை கவிழ்ந்தது. நுமாசாவாவில் அந்த வருடம் முளைக்கக்கூடிய மணி அங்கே மட்டும்தான் இருந்தது.

மற்ற பதின்மூன்று வீட்டாரும் அக்காவிடம் வந்தார்கள். அரசாங்கம் கொடுக்கிற விதை சமவெளி விதை, எங்கள் குளிரில் முற்றாது. "விதை மட்டும் குடும்மா, சோத்துக்கு வேர் வேரா புடுங்கித் தின்னுக்குறோம்" என்றானாம் இவாமட்சு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டானாம். அவள் ஒரு நாள் தவணை கேட்டாள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். ஆவிப்பெட்டி சூடாக இருந்தது, அன்று நான் யோக்கியன். வைக்கோல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு தட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். காய்ந்து போன நெட்டைத் தட்டை. அடித்தண்டில் வெளிர்சிவப்பு மாவு.

"இது மாதிரி நூறு நூத்தம்பது நிக்குது வயல்ல. நல்ல கதிருக்கு நடுவுல. இந்த மாவை நான் வருஷக்கணக்கா கழுவறேன், எனக்குத் தெரியாதா? உன்ன ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குக் கொடுத்தது வெந்ததுதான?"

நான் அடுப்பில் கரி அள்ளிப் போட்டேன்.

"வெந்ததுன்னா அதுல உயிர் இல்ல. இந்த மாவு காத்துல வந்தது, எப்பவும் வர்றது. வெதைய கொடுத்துடுவேன். வேகலேன்னா நான்தான் கொண்டாந்து வெச்சேன்னு அர்த்தம். எல்லார்கிட்டயும் சொல்லிடணும். வயல் போயிடும், தொகுஜி வந்து நிக்க இடம் இருக்காது. இருந்தாலும் சொல்லிடணும். பதினாலு வீடு, தம்பி. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். அவள் சொன்னால் பண்ணைக்குத் தெரியும். பண்ணைக்குத் தெரிந்தால் எனக்கு வேலை போகும். பஞ்ச வருடத்தில் வேலை போனவன் என்ன ஆவான்? என் பிள்ளைகள் இரண்டு பேர் முகமும் கண்ணில் வந்தது. இது சாக்கு இல்லை, உண்மை. ஆனால் உண்மை முழுவதும் அதுவும் இல்லை. அன்று காலை நெருப்பு மூட்டாமல் கிடந்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"வெந்ததுதான் அக்கா. ஒரு மணி நேரம் நல்லா வெந்துச்சு. மாவு எந்த வருஷம்தான் இல்ல? கொடுங்க, புண்ணியம்."

அவள் எழுந்தாள். "சரி" என்றாள். தட்டையை எடுத்து அடுப்பு நெருப்பில் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு ஒரு மூட்டை விதை போயிற்று. பனி உருகியதும் பதினாலு மூட்டையும் ஊர்க் குளத்தில் ஒன்றாக ஊறின. நுமாசாவாவில் விதை ஊறப்போடுவதும் கூட்டு வேலைதான். பெயரெழுதின மரச்சில்லைக் கட்டி ஒரே தண்ணீரில் பத்து நாள் இறக்கி வைப்பார்கள். சுத்தமான மூட்டை ஒன்றிரண்டு இருந்திருந்தாலும் அந்தப் பத்து நாளில் கெட்டிருக்கும். மே மாதம் ஊர் நாற்றங்கால்களைப் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டு நாற்றங்காலிலும் மூன்றில் ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நின்றது, வெளிறிப்போய், காற்றில் ஆடிக்கொண்டு. ஊர் முழுக்க நின்று என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் யாரும் மசுனோ அக்காவைக் குறை சொல்லவில்லை. குளிர் வருடத்து விதை, நோஞ்சானாகத்தான் இருக்கும் என்றார்கள். அவள் கொடுக்காவிட்டால் இதுவும் இல்லையே என்றார்கள். அறுவடை பாதிக்கும் கீழே. ஃபுசாவுக்கு அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, தாய்க்குப் பால் வற்றிப் பனிக்காலத்தில் செத்தது. நாற்றால்தான் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் புத்தாண்டுக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவளுக்கு அரிசிப் பணியாரம் வந்தது, 'விதை கொடுத்த கை' என்று. ஃபுசா வீட்டிலிருந்தும் வந்தது. அக்கா ஒன்றையும் தொடாமல் துணியில் கட்டிக்கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். நான் தின்றேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நானும் தின்றேன். பசி அப்படி.

நாற்றங்கால்கள் அப்படி நின்ற வசந்தத்திலிருந்து அவளிடம் இரண்டு மாற்றம் வந்தது. ஒன்று, தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் நேரே பின்கட்டுக்கு வருவாள். உள்ளங்கையை ஆவிப்பெட்டிமேல் வைப்பாள். சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தொட்டிக்குப் போவாள். மற்றது, அதன்பிறகு என்னை அசட்டு நாற்று என்று கூப்பிடவே இல்லை. தம்பி என்பாள், இல்லாவிட்டால் யசுகிச்சி என்று பெயரைச் சொல்வாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள், நான் பொய் சொன்னதற்குத் தினமும் இப்படித் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். வெளிப்படையாக நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. சில நாள் ஆத்திரம் வரும், பெட்டியைத் தொடாதே என்று கத்தலாம் போல் இருக்கும். ஆனால் அவள் வேலையில் இருந்த அடுத்த பத்து வருடத்தில் ஒருநாள் கூட நெருப்பு மூட்டத் தவறவில்லை.

ஜூன் மாதங்களில் அவள் விடிந்ததும் ஊர் வயல்களில் இறங்கி அசட்டு நாற்றுகளைப் பிடுங்குவாள். யார் வயல் என்று பார்க்க மாட்டாள். பிடுங்கியதைக் கூடையில் சேர்த்துக் கரையில் எரித்துவிட்டு வேலைக்கு வருவாள். விதையைப் பூசணம் கொல்லும் மருந்துத் தண்ணீரில் நனைத்தால் நோய் குறையும் என்று பண்ணையில் சொல்ல ஆரம்பித்தபோது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நுமாசாவா குளத்தங்கரையில் நிறுத்தினாள். "இவன் காட்டுவான், எல்லாரும் முக்குங்க" என்றாள். ஒவ்வொரு வருடமும் போனேன். நாலைந்து வருடத்தில் நாற்றங்கால்கள் ஒரே மட்டத்துக்கு வந்தன.

தொகுஜியைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்தாம் வருடம் டிசம்பரில் வந்தான். கை கால் முழுசாக வந்தான், அதுவே பெரிது. பனி உருகியதும் அக்கா அவனை வயலுக்குக் கூட்டிப்போனாள். நானும் அன்று மருந்துத் தொட்டியோடு அங்கே இருந்தேன்.

"உனக்காகக் காப்பாத்தி வெச்சது" என்றாள்.

அவன் வரப்பில் நின்று சிகரெட் பற்ற வைத்தான். "அம்மா, நான் ஹொக்கைடோ போறேன். நிலக்கரிச் சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்க. கூட இருந்தவன் எழுதியிருக்கான்."

"வயலு?"

"இது ஒரு வயலா? ஊர்ல எல்லாரும் குடிச்சுத் துப்பின தண்ணி. இதுக்கு ஏம்மா நீ இவ்வளவு பாடுபட்டே? நான் கேட்டேனா?"

அவன் கெட்டவன் இல்லை. நிஜமாகவே கேட்டான், பதில் தெரியாமல்தான் கேட்டான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அடுத்த வாரம் அவன் ரயில் ஏறினான். அதற்கு அடுத்த வாரம் அவளே ஓனுமாவிடம் போய், வயலை இவாமட்சுவுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஃபுசா அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அக்கா கையை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள் என்று ஊரில் அதிசயமாகச் சொன்னார்கள்.

போர் முடிந்த வருடம் பண்ணையில் புட்டி கழுவ ஆள் வேண்டாம் என்றார்கள். அவள் வீட்டோடு இருந்தாள். நாற்பத்தொன்பதாம் வருடம் பிப்ரவரியில் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்தாள். தொகுஜிக்குத் தந்தி போயிற்று, பனியில் ரயில் நின்றுவிட்டது. ஃபுசாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். நான் போன மதியத்தில், கஞ்சிக்குப் பானை வைக்க ஃபுசா எழுந்து வெளியே போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

பதினைந்து வருடம் நெஞ்சில் கிடந்ததை அன்று இறக்கி வைத்துவிடலாம் என்று போயிருந்தேன். சாகப்போகிறவளிடம் சொல்லி என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள ஆசை. அவ்வளவு சுயநலம்.

"அக்கா, அந்தப் புட்டி வேகல" என்றேன். "அன்னிக்கு நெருப்பே மூட்டல. குடிச்சுட்டுக் கெடந்தேன். அப்புறம் நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்."

"நாத்தங்காலப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க. அதான் தினமும் பெட்டியத் தொட்டுத் தொட்டு என்னக் கொன்னீங்க."

இப்போது கண்ணைத் திறந்தாள்.

"அன்னிக்கே தெரியும். இப்பத்தான் பெட்டியிலேருந்து எடுத்தேன்னு கொடுத்தே. நெஞ்சுல வெச்சுக் கட்டினேன். ஐஸு மாதிரி இருந்துச்சுடா. நாள் முழுக்க நெஞ்சுலயே கெடந்தும் சூடு ஏறல."

நான் படுக்கையருகே நகர்ந்தேன்.

"அப்புறம் ஏன் வந்து கேட்டீங்க?"

"நீ வெந்துச்சுன்னு சொல்லுவேன்னு தெரியும். நீ சொல்லிட்டா நான் வெதை கொடுக்கலாம். வயல் இருக்கும், தொகுஜி வருவான். நாளைக்கு எவனாவது கேட்டா, அவன் சொன்னான், நான் நம்பினேன்னு சொல்லிக்கலாம்." மூச்சு வாங்கியது. சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எவனும் கேக்கல. அதான் தாங்க முடியல."

"பெட்டிய ஏன் தினம் தொட்டீங்க?"

"உன்னையா சோதிச்சேன்? அன்னிக்குப் புட்டி சில்லுன்னு இருந்தப்பவே ஒரு தடவ வந்து பெட்டியத் தொட்டுப் பாத்திருந்தா, ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டு இருக்கேன், மூட்டுடான்னு சொல்லியிருப்பேன்ல."

வெளியே ஃபுசா விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. ஃபுசாவிடம் சொல்லிவிடலாமா என்பதுபோல் அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். கஞ்சி வெந்ததும் ஃபுசா பானையோடு உள்ளே வந்து, முதல் அகப்பையை ஊதி ஊதி ஆறவைத்து அவள் வாயில் ஊட்டினாள். "ரெண்டு வாய் குடிங்கக்கா, உங்க வெதை நெல்லுதான் இது, இன்னும் அந்த வயல்லதான் வெளையுது" என்றாள். மசுனோ அக்கா விழுங்கினாள். இரண்டாவது அகப்பைக்கு வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"மிச்சத்த அந்த அசட்டு நாத்துக்குக் குடு" என்றாள்.

ஃபுசா சிரித்துக்கொண்டே கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் குடித்து முடிக்க வேண்டியிருந்தது.